தொடக்க எண்



முதலில் ஒரு போட்டி முடிவை வாசித்துவிடுகிறேன். 2024 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரியாவில் சோல்டன் என்ற ஊருக்கு மேலே, பனியாற்றின் மீது நடந்த ஆண்கள் ஜயன்ட் ஸ்லாலம். முதலிடம் அலெக்சாண்டர் ஸ்டீன் ஓல்சன், நார்வே. இரண்டாமிடம் ஹென்ரிக் கிறிஸ்தோஃபர்சன், நார்வே. மூன்றாமிடம் அட்லே லீ மெக்ராத், நார்வே. நான்காமிடம் லூகாஸ் பின்யெய்ரோ பிராத்தன், பிரேசில்.

முதல் மூன்று இடங்களையும் ஒரே நாடு அள்ளிக்கொண்டது பெரிய செய்திதான். ஆனால் அன்று அந்த மலையடிவாரத்தில் நின்றவர்களின் பேச்செல்லாம் நான்காவது பெயரைப் பற்றியே இருந்தது. அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 2023 அக்டோபர் 27 அன்று, அதே சோல்டனில் அந்த இளைஞர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இனிமேல் பந்தயத்தில் இறங்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்போது அவருக்கு வயது 23. முந்தைய பருவத்தின் ஸ்லாலம் உலகக் கோப்பையை வென்றவர். அன்றைக்கு அவர் நார்வே வீரர். ஓராண்டு கழித்து பிரேசில் கொடியோடு திரும்பி வந்தபோது அவருக்கு முன்னால் நின்ற மூவரும் பழைய அணித்தோழர்கள்.

இந்த வீரரின் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். 2026 பிப்ரவரியில் இத்தாலியில் அவர் தங்கம் வாங்கியபோது நம் செய்தித்தாள்களிலும் ஒரு மூலையில் படம் வந்தது. "பிரேசிலுக்குப் பனியில் தங்கம்" என்ற வியப்போடு செய்தி முடிந்துவிட்டது. வியப்புக்கு அப்பால் அங்கே ஒரு வழக்கு இருக்கிறது. தென் அமெரிக்காவில் மலையும் உண்டு, பனியும் உண்டு, நூறாண்டாகச் சறுக்குகிறவர்களும் உண்டு. அப்படியிருந்தும் அந்தக் கண்டத்தின் முதல் குளிர்கால ஒலிம்பிக் பதக்கம், சறுக்குவதற்குத் தகுந்த மலை ஒன்றுகூட இல்லாத பிரேசிலுக்கு, ஆஸ்லோவில் பிறந்த ஒருவர் வழியாக ஏன் வந்தது?

இதற்கு விடை தேட, இந்த விளையாட்டில் தொடக்க எண் என்ற ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் விளங்கும்.

ஓட்டப்பந்தயத்தில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள். மலைச்சறுக்கில் ஒருவர் இறங்கி முடித்த பிறகுதான் அடுத்தவர் இறங்குவார். எல்லோருக்கும் ஒரே மலை, ஒரே கம்பங்கள். ஆனால் ஒரே பனி இல்லை. முதலில் இறங்குகிறவருக்குப் பளிங்கு போன்ற கெட்டியான தரை கிடைக்கும். ஒவ்வொருவர் திரும்பும்போதும் சறுக்குப் பலகையின் எஃகு விளிம்பு பனியைச் சீவி எடுக்கும். நாற்பது பேர் போன பிறகு ஒவ்வொரு கம்பத்தடியிலும் பள்ளம் விழுந்திருக்கும். மழைக்குப் பின் வயல் வரப்போரம் மாட்டு வண்டி போன தடத்தில் சக்கரம் தானாக இறங்கிக்கொள்ளுமே, அந்த மாதிரி பலகை அந்தப் பள்ளத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். வெளியே எடுக்க முயன்றால் கால் முறுக்கிக்கொள்ளும். நொடியில் நூறில் ஒரு பங்கால் வெற்றி தீர்மானமாகிற விளையாட்டில் இது சின்ன விஷயமா?

யாருக்கு எந்த எண்? உலகத் தரவரிசையில் முன்னே உள்ள பதினைந்து பேருக்கு முதல் பதினைந்து எண்கள், குலுக்கல் முறையில். அடுத்த பதினைந்து எண்கள் தரவரிசைப்படி. முப்பதுக்குப் பின்னால் மற்றவர்கள், அவரவர் சேர்த்துவைத்த புள்ளிகளின்படி. உலகக் கோப்பைப் பந்தயங்களில், முதல் சுற்றில் முதல் முப்பது இடத்துக்குள் வந்தவர்கள் மட்டுமே இரண்டாம் சுற்றில் இறங்க முடியும். ஆக நல்ல எண் வேண்டுமென்றால் நல்ல இடம் பிடித்திருக்க வேண்டும். நல்ல இடம் பிடிக்க நல்ல எண் வேண்டும். இருப்பவனுக்கே மேலும் சேரும் ஏற்பாடு. வெளியே இருந்து உள்ளே நுழைவது முடியாத காரியம் என்று சொல்லமாட்டேன். ஆண்டுதோறும் நாலைந்து பேர் நுழைகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் ஆஸ்திரியர்கள், சுவிஸ்காரர்கள், நார்வேக்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள், இத்தாலியர்கள்.

இரண்டாம் சுற்றில் மட்டும் ஒரு கருணை உண்டு. வரிசை தலைகீழாகும். முப்பதாவதாக வந்தவர் முதலில் இறங்குவார். முதலிடத்தில் இருப்பவர் கடைசியில். இந்தக் கருணையை வைத்து நம் கதாநாயகர் ஒரு முறை என்ன செய்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஆண்டிஸ் மலைக்குப் போவோம். அர்ஜென்டினாவையும் சிலியையும் இணைக்கும் மலை ரயில் பாதைக்காக வந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள், அவர்களில் நார்வேக்காரர்களும் உண்டு, பனிக்காலத்தில் மலையைக் கடக்கப் பலகை கட்டிச் சறுக்கினார்கள்; அந்தப் பக்கத்தில் சறுக்கின் தொடக்கம் அதுதான் என்பார்கள். அர்ஜென்டினாவின் தெற்கே, ஏரிக்கரையில் இருக்கும் பரிலோச்சே ஊரில் 1931லேயே மலையேறுவோர் சங்கம் அமைந்துவிட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஓட்டோ மெய்லிங் என்ற ஜெர்மானியர். பின்னர் ஹன்ஸ் நோபல் என்ற ஆஸ்திரியரை அரசே அழைத்து வந்தது. சறுக்கு மையத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த மலைதான் இன்றைய செரோ கத்தெட்ரால். 1928இல் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் மோரிட்சில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், ஐந்து பேர் ஏறிச் செல்லும் பனிவண்டிப் பந்தயத்தில் அர்ஜென்டினாவின் இரண்டு அணிகள் நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் வந்தன. பதக்கத்துக்கு ஒரு படி கீழே. அந்த ஒரு படியை ஏற அந்தக் கண்டத்துக்கு 98 ஆண்டுகள் பிடித்தன.

சிலியில் போர்த்தில்யோ என்று ஓரிடம். மலைமேல் ஏரி, ஏரிக்கரையில் மஞ்சள் வண்ண ஓட்டல், சுற்றிலும் செங்குத்தான சரிவு. 1966 ஆகஸ்டில் உலகச் சாம்பியன் போட்டி அங்கேதான் நடந்தது. தென் அரைக்கோளத்தில் அந்தப் போட்டி நடந்தது அந்த ஒரே தடவைதான். முந்தைய ஆண்டுக் குளிர்காலத்தில் அடித்த புயலும் பனிச்சரிவும் அங்கிருந்த ஏற்றுக்கம்பிகளை அடித்துக்கொண்டு போயிருந்தன. ஓராண்டுக்குள் மீண்டும் கட்டி நிறுத்தினார்கள். போட்டி முடிவைச் சொல்லட்டுமா? மொத்தம் 24 பதக்கங்கள், அதில் 16 பிரான்சுக்கு. ஜான்-குளோட் கில்லி என்ற பிரெஞ்சுக்காரர் புகழின் உச்சிக்கு ஏறத் தொடங்கியது அந்தச் சரிவில். இன்னொன்றும் அங்கே நடந்தது. செர்ஜ் லாங் என்ற பத்திரிகையாளரும் பிரெஞ்சு, அமெரிக்கப் பயிற்சியாளர்களும் கூடிப் பேசி, பருவம் முழுவதும் ஊர் ஊராக நடக்கும் ஒரு தொடரை வடிவமைத்தார்கள். போர்த்தில்யோவில் அறிவிக்கப்பட்ட அந்தத் தொடர்தான் 1967 ஜனவரியில் தொடங்கிய உலகக் கோப்பை.

இன்று உலகை ஆளும் பந்தயத் தொடர் ஆண்டிஸ் மலையில் பிறந்தது. பிறந்த இடத்துக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. அர்ஜென்டினாவின் லாஸ் லென்யாஸ் மலையில் 1980களில் சில பந்தயங்கள் நடந்தன, அதோடு சரி. தொடர் இப்போது அக்டோபர் முதல் மார்ச் வரை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும்.

காலண்டரைக் கவனியுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை ஆண்டிஸில் வசந்தமும் கோடையும். பரிலோச்சேயில் வளரும் ஒரு பையன் ஜூன் முதல் செப்டம்பர் வரை சொந்த ஊரில் சறுக்கலாம். அவன் வயதுப் பிள்ளைகள் புள்ளி சேர்க்கும் பெரிய பந்தயங்களுக்குப் போக வேண்டுமானால் பள்ளியை விட்டு, வீட்டை விட்டு, கடல் கடந்து போக வேண்டும். வருடத்தில் இரண்டு குளிர்காலம், ஒரு கோடைகூட இல்லை. உடம்பு ஆறுவதற்கு நேரம் கிடையாது. செலவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தென் அமெரிக்கக் கோப்பை என்று ஒரு கண்டத் தொடர் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் சிலியிலும் அர்ஜென்டினாவிலும் நடக்கும். அதில் முதலிடம் பிடித்தால் உலகக் கோப்பையில் இறங்க உரிமை கிடைக்கும். வாசல் திறந்திருக்கிறது என்று நினைப்பீர்கள். அந்த மாதங்களில்தான் வடக்கத்திய அணிகள் பயிற்சிக்காக ஆண்டிஸில் வந்து குவிகின்றன. தென்கோடி உசுவாயாவின் செரோ காஸ்தோர், சாந்தியாகோவுக்கு மேலே லா பார்வா, வால்யே நெவாதோ எல்லாம் அப்போது பனிச்சறுக்கு உலகின் தலைநகரம் மாதிரி இருக்கும். உள்ளூர்ப் பந்தயத்தில் உள்ளூர்ப் பையனுக்கு எதிரே நிற்பவர் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருப்பார்.

இதையெல்லாம் மீறி வந்தவர்கள் உண்டு. பரிலோச்சேயின் சிமாரி பிர்க்னர் குடும்பத்தை இங்கே சொல்லாமல் போனால் பாவம். கிறிஸ்தியான் சிமாரி பிர்க்னர் 1980இல் பிறந்தவர். 2002 முதல் 2014 வரை நான்கு ஒலிம்பிக்கில் இறங்கியவர். சகோதரிகள் மக்கரேனாவும் மரியா பெலெனும் ஒலிம்பிக் வீராங்கனைகள். 2014இல் சோச்சியில் மூவரும் ஒன்றாக இறங்கினார்கள். ஒரு நாட்டின் ஒலிம்பிக் அணியில் பெரும்பங்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் அந்த வீட்டைப் பாராட்டுவதா, அந்த நாட்டின் ஏற்பாட்டை நொந்துகொள்வதா? சிலியின் தோமாஸ் குரோப் 1998இல் நகானோவில் கூட்டுப் போட்டியில் 11ஆம் இடம் பிடித்தார். சிலியின் ஹென்ரிக் வான் ஆப்பென் மூன்று ஒலிம்பிக்கில் வேகப் பந்தயங்களில் இறங்கினார். இவர்கள் வாழ்நாளெல்லாம் பின்வரிசை எண்களோடு, மற்றவர்கள் உழுதுவிட்டுப் போன தரையில் இறங்கியவர்கள். முடிவுப் பட்டியலில் முப்பதாவது, முப்பத்தைந்தாவது என்று இவர்கள் பெயர் வரும்போது, எந்த எண்ணில் கிளம்பி அங்கே வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரேசில் இதற்கெல்லாம் வெளியே இருந்தது. தெற்கே சாந்தா கத்தரீனா மாநிலத்து மேட்டுநிலத்தில் எப்போதாவது பனி தூறும். தொலைக்காட்சிக்காரர்கள் ஓடிப்போய்ப் படம் பிடிப்பார்கள். குளிர்கால ஒலிம்பிக்கில் அந்நாடு முதன்முதலாகக் கலந்துகொண்டது 1992இல், பிரான்சின் ஆல்பர்வில்லில். 2006இல் இசபெல் கிளார்க் பனிப்பலகைப் பந்தயத்தில் ஒன்பதாவதாக வந்தார். இருபது ஆண்டுகள் அதுவே பிரேசிலின் உயரம்.

இனி லூகாஸ். 2000 ஏப்ரல் 19 அன்று ஆஸ்லோவில் பிறந்தார். அப்பா நார்வேக்காரர், அம்மா பிரேசில்காரர். குழந்தை மூன்று வயதாக இருக்கும்போதே இருவரும் பிரிந்துவிட்டார்கள். கொஞ்ச காலம் பிரேசில், பிறகு அப்பாவோடு நார்வே, விடுமுறைக்கு மறுபடி பிரேசில் என்று வளர்ந்த பையன். முதல் ஆசை கால்பந்து. அப்பா பனிச்சறுக்குப் பிரியர்; பையனுக்குக் குளிரே பிடிக்காது. இப்படித் தொடங்கிய பல கதைகள் பாதியில் நின்றுபோகும். இங்கே அந்த அப்பா விடவில்லை; பையனும் பிற்பாடு விடவில்லை.

நார்வேயின் ஏற்பாடு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு சரிவு, மாலையில் மின்விளக்கு வெளிச்சத்தில் பயிற்சி. பையன் அந்த ஏணியில் ஏறினான். 2018 டிசம்பரில் பிரான்சின் வால் டிசேரில் முதல் உலகக் கோப்பைப் பந்தயம். 2020 அக்டோபரில் சோல்டனில் முதல் வெற்றி. சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட்டை 0.05 நொடியில் முந்தினார். ஓடர்மாட் பின்னாளில் இந்தத் தலைமுறையின் மிகப்பெரிய வீரராகப் பேசப்பட்டவர். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டரை மாதம் கழித்து அடெல்போடனில், முடிவுக்கோட்டைத் தாண்டும்போது விழுந்து முழங்கால் போயிற்று. அந்தப் பருவம் அதோடு முடிந்தது. இருபது வயதில் முழங்கால் அறுவை என்பது இந்த விளையாட்டில் அம்மை போட்ட மாதிரி, எல்லோருக்கும் ஒரு முறை வரும் என்று பயிற்சியாளர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். படுத்துக்கிடப்பவருக்கு அது சாதாரணமாக இருக்காது.

இப்போது அந்தத் தலைகீழ் வரிசை. 2022 ஜனவரி 16, சுவிட்சர்லாந்தின் வெங்கென், ஸ்லாலம். முதல் சுற்றில் லூகாஸுக்கு 29ஆம் இடம். இன்னும் இரண்டு இடம் பின்னால் போயிருந்தால் இரண்டாம் சுற்றே கிடையாது. இரண்டாம் சுற்றில் இரண்டாவது ஆளாக, ஏறக்குறைய கன்னித் தரையில் இறங்கினார். பிரமாதமாக இறங்கினார். பிறகு முன்னணியில் இருப்பவருக்கான இருக்கையில் போய் உட்கார்ந்தார். வெயில் ஏறியது, பனி இளகியது, பள்ளங்கள் ஆழமாயின. ஒருவர் பின் ஒருவராக உலகின் மிகச் சிறந்தவர்கள் இறங்கி வந்தார்கள். ஒருவராலும் அவர் நேரத்தைத் தொட முடியவில்லை. முதல் சுற்றின் முன்னணி வீரர்கள் வழுக்கினார்கள், கம்பத்தைத் தவறவிட்டார்கள். கடைசியில் 29இல் இருந்தவர் முதலிடம். உள்ளூர்க்காரர் டானியல் யூல் இரண்டாமிடம், 2010 ஒலிம்பிக் தங்கக்காரர் ஜூலியானோ ரத்சோலி மூன்றாமிடம். உலகக் கோப்பையில் அதுவரை அவ்வளவு பின்னாலிருந்து ஒருவரும் வென்றதில்லை. வேடிக்கை என்னவென்றால், அன்று அவரிடம் தோற்ற அதே யூல் 2024 பிப்ரவரியில் சாமோனியில் 30ஆம் இடத்திலிருந்து வென்று அந்தச் சாதனையை எடுத்துக்கொண்டார். இனி அதை யாரும் முறியடிக்க முடியாது, 31 என்று ஓர் இடம் இரண்டாம் சுற்றில் இல்லையே!

வெங்கென் வெற்றியை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிறவர்கள் இருந்தார்கள். பனியின் தயவு இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பனியில் அவருக்கு முன்னும் பின்னும் இறங்கியவர்களுக்கும் அதே தயவு கிடைத்தது. அவர்கள் யாரும் வெல்லவில்லை. பெய்ஜிங் ஒலிம்பிக்கிலிருந்து வெறுங்கையோடுதான் திரும்பினார். அடுத்த பருவம் அவருடையது. வால் டிசேர், ஆல்டா பாடியா, அடெல்போடன் என்று வெற்றிகள். அடெல்போடன், முழங்கால் போன அதே ஊர். பருவத்தின் நடுவில் குடல்வால் அழற்சி வந்து அறுவை சிகிச்சை. அதையும் தாண்டி 2023 மார்ச்சில் அந்தோராவில் ஸ்லாலம் தரவரிசையின் படிகக் கோளத்தைக் கையில் வாங்கினார்.

சறுக்கும் விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜயன்ட் ஸ்லாலத்தில் ஆண்களின் பலகை 193 சென்டிமீட்டர் நீளம், ஸ்லாலத்தில் 165. முன்னதில் நீண்ட வளைவு, பின்னதில் படபடவென்று திருப்பம், கம்பத்தைக் கையால் அடித்துக்கொண்டே போவது. இரண்டிலும் ஒருவர் உச்சத்தில் இருப்பது இன்று அரிது. லூகாஸ் இரண்டிலும் வென்றவர். உடம்பின் மேல்பகுதி அமைதியாக இருக்க, இடுப்புக்குக் கீழே எல்லாம் விளையாடும். பிரேசில் ரத்தம், சாம்பா என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஒப்பவில்லை. பல்லாயிரம் முறை ஒரே திருப்பத்தைப் பழகிய கால் அது. நார்வேயின் மாலை விளக்கொளியில் பழகியது. வெற்றி மேடையில் ஆடுவது பிரேசில், சரிவில் இறங்குவது நார்வே என்று சொன்னால் அவருக்கே கோபம் வரலாம். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

2023 கோடையில் நார்வேயின் சறுக்குக் கூட்டமைப்போடு தகராறு முற்றியது. விஷயம் விளம்பர உரிமை. நார்வேயில் தேசிய அணியில் இருக்கிறவரின் உருவத்தையும் உடையையும் வைத்து வரும் ஆதரவாளர் பணத்தைக் கூட்டமைப்பே பேசி முடிக்கும். அந்தப் பணத்தில்தான் சிறுவர் பயிற்சி முதல் பெரிய அணி வரை எல்லாம் நடக்கிறது என்பது கூட்டமைப்பின் வாதம். இந்த வழக்கு புதிதல்ல. ஹென்ரிக் கிறிஸ்தோஃபர்சன் தன் தலைக்கவசத்தில் சொந்த ஆதரவாளரின் பெயரைப் போட உரிமை கேட்டு நீதிமன்றம் போனார். அந்த வழக்கு ஐரோப்பியத் தடையற்ற வணிகக் கூட்டமைப்பின் நீதிமன்றம் வரை போய்க் கருத்துக் கேட்டுத் திரும்பியது. கடைசியில் கூட்டமைப்பே வென்றது.

யார் பக்கம் நியாயம்? லூகாஸ் ஆடை வடிவமைப்பில் ஆர்வமுள்ளவர். நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு பந்தயத்துக்கு வருவார். தன் முகத்துக்கும் பெயருக்கும் தானே உரிமையாளராக இருக்க நினைத்தார். சங்கத்துச் சரிவில், பொதுப்பணத்தில் வளர்ந்த ஒருவர் வளர்ந்தபின் பொதுவுக்குப் பங்கு தர மறுக்கலாமா என்பது எதிர்க்கேள்வி. இரண்டுமே நேர்மையான கேள்விகள். கூட்டமைப்பு தோல்வியடைந்த இடம் வேறு: உலகின் தலைசிறந்த ஸ்லாலம் வீரர் பருவத் தொடக்கத்தின் முந்தைய நாள் எழுந்து போகும் அளவுக்கு ஒரு பேச்சுவார்த்தையை இழுத்தது. ஐந்து வெற்றிகளோடும் ஒரு படிகக் கோளத்தோடும் 23 வயதில் ஓய்வு. பலர் நம்பவில்லை. அவர் போய்விட்டார்.

2024 மார்ச்சில், ஆஸ்திரியாவின் சால்ஸ்பூர்கில், பிரேசிலுக்காகத் திரும்புவதாக அறிவித்தார். அப்போதிலிருந்து முடிவுப் பட்டியல்களில் அம்மாவின் குடும்பப் பெயரான பின்யெய்ரோவும் சேர்ந்து வருகிறது. நாடு மாறுவது நினைத்தவுடன் நடக்கிற காரியம் இல்லை. குடியுரிமை வேண்டும், பழைய கூட்டமைப்பு விடுவிக்க வேண்டும், சேர்த்த புள்ளிகள் கூடவே வர வேண்டும். இல்லையென்றால் உலகச் சாம்பியனும் கடைசி எண்ணிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நார்வே விடுவித்தது. அதைப் பெருந்தன்மை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதே பருவத்தில் ஆஸ்திரியாவின் மார்செல் ஹிர்ஷர், எட்டு முறை தொடர்ந்து உலகக் கோப்பையை வென்று ஓய்வு பெற்றவர், தன் தாய்நாடான நெதர்லாந்துக்காகத் திரும்பி வந்தார். தாய்நாடு என்றால் தாயின் நாடு. காயம்பட்டு டிசம்பரிலேயே அவர் பருவம் முடிந்தது. திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்பதற்கு அவரே சான்று.

லூகாஸ் திரும்பிய முதல் பந்தயம்தான் நான் தொடக்கத்தில் வாசித்தது. ஓராண்டு இறங்காததால் பின்வரிசை எண். அதில் கிளம்பி நான்காமிடம். டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் பீவர் கிரீக்கில் இரண்டாமிடம். உலகக் கோப்பை மேடையில் பிரேசில் ஏறியது அதுவே முதல் தடவை. வென்றவர் சுவிட்சர்லாந்தின் தோமாஸ் டும்லர், 35 வயதில் முதல் வெற்றி. அந்த மேடையே தாமதமாக வந்தவர்களின் மேடைபோல இருந்தது. 2025 நவம்பர் 16 அன்று பின்லாந்தின் லெவியில் ஸ்லாலம் வெற்றி, பிரேசிலின் முதல் உலகக் கோப்பை வெற்றி. லெவியில் வென்றவருக்குக் கலைமான் ஒன்றைப் பரிசாகக் கொடுப்பது வழக்கம். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ஒரு பிரேசில்காரருக்குக் கலைமான் சொத்தாயிற்று.

பிறகு போர்மியோ. 2026 பிப்ரவரி 14. ஸ்டெல்வியோ சரிவு உலகின் கொடிய வேகப்பந்தயச் சரிவுகளில் ஒன்று. அதில் ஜயன்ட் ஸ்லாலம். லூகாஸுக்குத் தொடக்க எண் 1. யாரும் தொடாத தரை. முதல் சுற்றிலேயே ஓடர்மாட்டை 0.95 நொடி முந்திவிட்டார். இந்த விளையாட்டில் அது மலையளவு இடைவெளி. தொலைக்காட்சி முன் இருந்தவர்கள் பந்தயம் முடிந்தது என்றே நினைத்திருப்பார்கள். முடியவில்லை. இரண்டாம் சுற்றில் தலைகீழ் வரிசை, முதலிடக்காரர் கடைசியில். வெங்கெனில் எந்த ஏற்பாடு அவருக்குக் கைகொடுத்ததோ, அதே ஏற்பாடு இப்போது அவருக்கு எதிரே நின்றது. பெய்ஜிங்கின் தங்கக்காரர் ஓடர்மாட் தனக்கு முன்னால் இறங்கி முடிக்கும் வரை மேலே காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் உழுத தரையில் இறங்க வேண்டும். இரண்டாம் சுற்றை மட்டும் எடுத்தால் ஓடர்மாட் அவரைவிட 0.37 நொடி வேகம். கூட்டிப் பார்த்தபோது லூகாஸ் 0.58 நொடி முன்னே. வெண்கலம் லொயிக் மெய்யாருக்கு. 2020இல் சோல்டனில் முதல் வெற்றியின்போது இரண்டாவதாக நின்ற அதே ஓடர்மாட் இங்கேயும் இரண்டாவது. முடிவுக்கோட்டில் லூகாஸ் பனியில் விழுந்து கதறினார். குளிர்கால ஒலிம்பிக் மேடையில் பிரேசிலின் தேசிய கீதம் ஒலித்தது அதுவே முதல் முறை. தென் அமெரிக்க நாடு எதற்கும் அதற்கு முன் அந்த மேடையில் இடம் கிடைத்ததில்லை.

தென் அரைக்கோளத்துக்கு இது முதல் பதக்கம் இல்லை. நியூசிலாந்தின் அன்னலீஸ் கோபெர்கர் 1992லேயே ஸ்லாலத்தில் வெள்ளி வாங்கிவிட்டார். ஆஸ்திரேலியாவின் சாலி ஸ்டெகல் 1998இல் வெண்கலம். கோபெர்கர் தெற்கில் வளர்ந்தவர். அதனால்தான் என் கேள்வி இன்னும் முடியவில்லை.

அவர் பிரேசில்காரர்தானா என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஐயமே இல்லை. அம்மாவின் மொழி பேசுகிறவர், பிரேசில் தெருவில் பந்து உதைத்தவர், அந்த நாட்டுக் குடிமகன். பதக்கம் முழுக்க பிரேசிலுடையது. ஆனால் தென் அமெரிக்காவின் சறுக்கு இதனால் ஒரு படி ஏறியது என்று யாராவது சொன்னால் அங்கே நான் தயங்குகிறேன். லூகாஸ் இருபது வயதில் முதல் வெற்றி பெற்றபோது அவர் கையில் இருந்தது நார்வேயின் எண். திரும்பி வந்தபோது பழைய புள்ளிகள் கூட வந்தன. கிறிஸ்தியான் சிமாரி பிர்க்னர் தட்டிய கதவை இவர் தட்ட நேரவில்லை. இவர் வீட்டுக்குள்ளிருந்து மாடிக்குப் போனவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

திறக்க வழி உண்டா? ஒன்று மட்டும் மாறிக்கொண்டு வருகிறது. ஆல்ப்ஸின் பனியாறுகள் கோடையில் உருகுகின்றன. முன்பு ஜூலையில் பயிற்சி நடந்த பல பனியாறுகளில் இப்போது முடிவதில்லை. அதனால் பெரிய அணிகளுக்கு ஆண்டிஸ் முன்னைவிடத் தேவையாகிவிட்டது. ஆகஸ்டில் உசுவாயாவுக்குப் போனால் சுவிஸ் அணியும் நார்வே அணியும் ஒரே ஏற்றுக்கம்பியில் ஏறுவதைப் பார்க்கலாம். மலைக்கு வாடகை கொடுக்கிறார்கள். அந்த வாடகையில் ஒரு பகுதி உள்ளூர்ப் பிள்ளைகளின் அக்டோபர் மாதத்து விமானச் சீட்டாக மாற வேண்டும். கண்டக் கோப்பையில் கிடைக்கும் தொடக்க உரிமை ஒருவருக்கு மட்டும் என்பது இரண்டு மூன்று பேருக்கு என்று ஆக வேண்டும். இவை கனவுகள் இல்லை, கூட்டமைப்புகளின் கூட்டத்தில் ஒரு மதியத்தில் முடிவு செய்யக்கூடியவை. அந்தக் கூட்டங்களில் இதுவரை பிரேசிலின் குரலுக்கு எடை கிடையாது. இப்போது ஒரு தங்கப் பதக்கத்தின் எடை இருக்கிறது. அதை அவர்கள் எங்கே, எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். லூகாஸ் அடுத்து எத்தனை பந்தயம் வெல்வார் என்பதைவிட எனக்கு அதில்தான் ஆவல்.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத் தலைவர் கைகாட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். புள்ளிக் கணக்கு பற்றிய கேள்வி என்றால் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், அது கொஞ்சம் நீளும்.